மிளகுக்கு ஒரு கப்பல்



மாதம் ஒரு நாவலையோ சினிமாவையோ எடுத்துப் பேசும் இந்த அரங்கில் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. அதற்கு முதலில் நன்றி.

நான் எடுத்துக்கொண்டது ‘டிராகன் குவெஸ்ட் 3’. ஜப்பானில் 1988 பிப்ரவரி 10ஆம் தேதி வெளிவந்தது. அதையே 36 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், புதிதாகச் செய்து உலகம் முழுக்க வெளியிட்டார்கள். 1988இல் பிறந்தே இராத பிள்ளைகளுக்காக ஒரு பழைய விளையாட்டைத் திரும்பச் செய்யும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது? இதைத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

என் அக்கா மகளுக்கு அப்போது 13 வயது. 2024 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இந்தப் புதிய பதிப்பை ஆடிக்கொண்டிருந்தாள். கதையில் போர்த்தோகா என்று ஒரு ராஜ்ஜியம் வரும். அந்த நாட்டு அரசருக்கு மிளகு என்றால் உயிர். கிழக்கே போய் மிளகு வாங்கி வந்தால் உனக்கு ஒரு கப்பல் தருகிறேன் என்கிறார். கையில் ஒரு கடிதமும் தருகிறார். அதைக் காட்டினால் மலையைக் குடைந்த ஒரு ரகசிய வழி திறக்கும். அப்பால் நெடுந்தூரம் நடந்தால் புண்ணிய நதி ஒன்றின் கரையில் பஹராதா என்ற ஊர். அங்கே ஒரு மிளகுக் கடை. கடைக்காரரின் பேத்தியைத் திருடர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். அவளைத் தேடிப் போன குப்தா என்ற வாலிபனும் அவர்களிடம் மாட்டிக்கொண்டான். இருவரையும் மீட்டுக் கொடுத்தால் காசு வாங்காமல் மிளகு தருகிறார்கள்.

அக்கா மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “மாமா, மிளகுக்கு ஒரு கப்பலா?”

அடுக்களை அஞ்சறைப்பெட்டியில் இருக்கிற, ரசத்துக்குத் தட்டிப் போடுகிற மிளகு. அதற்கு ஒரு கப்பல் என்றால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விளையாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய கதையைச் சொன்னேன். போர்த்தோகா எந்த நாடு, பஹராதா எந்த நாடு என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த விளையாட்டின் உலக வரைபடமே நம் பூமியின் சாயலில் வரைந்ததுதான். ரோமாரியா இருக்கிறது, பிரமிடு இருக்கிறது, ஜிபாங் என்ற பெயரில் ஜப்பானும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதியவர் யூஜி ஹொரி. ஆரம்பத்தில் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்று இரண்டு விளையாட்டுகள் பேர் வாங்கியிருந்தன. நாமே ஒரு வீரனாக மாறி, குகை குகையாக இறங்கி, பேயோடு சண்டை போட்டு, அனுபவம் சேர்த்து வலுவாகிற வகை. ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். இரண்டும் விலை உயர்ந்த கம்ப்யூட்டரில், கீபோர்டில் கட்டளை தட்டி ஆட வேண்டியவை. ஜப்பானியக் குழந்தைகளுக்கு எட்டாக்கனி. அவர்கள் வீட்டில் இருந்தது நின்டெண்டோவின் ஃபாமிகாம். தொலைக்காட்சிப் பெட்டியில் செருகுவது, கையில் பிடித்து அழுத்த நாலைந்து பொத்தான்.

ஹொரி அந்தப் பெரிய விளையாட்டைச் சின்னப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். 1986 மே 27இல் முதல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது. அதன் முதல் அறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தொடங்கியதும் நாம் அரசரின் முன் நிற்கிறோம். அறைக் கதவு பூட்டியிருக்கிறது. மூன்று பெட்டிகள் இருக்கின்றன. அரசரிடம் பேசினால் பெட்டிகளை எடுத்துக்கொள் என்பார். ஒன்றில் பணம், ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. சாவியால் கதவைத் திறக்க வேண்டும், படிக்கட்டில் இறங்க வேண்டும். பேசு, எடு, திற, இறங்கு. இந்த நாலும் தெரியாமல் அறையை விட்டு வெளியே போக முடியாது. வெளியே வந்துவிட்டால் விளையாடத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பாடப்புத்தகம் வேண்டாம், ஒரு வாத்தியார் வேண்டாம். என் கணக்கில், கற்பிக்கும் கலையில் இதைவிடச் சிக்கனமான அறை வேறு கிடையாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பழைய விளையாட்டைப் புதியவர்களுக்காக எளிமையாக்கினால் ரசிகர்களில் ஒரு சாரார் கொதிக்கிறார்கள். கஷ்டப்பட்டு ஆடியதுதான் உண்மையான ஆட்டம், இப்போது வருவது பால்பாட்டில் என்கிறார்கள். அவர்கள் கொண்டாடுகிற அந்த விளையாட்டே புதியவர்களுக்காக எளிமையாக்கப்பட்டதுதான். தெரியாதவனையும் உள்ளே அழைத்துவா என்பது இந்தத் தொடர் பிறந்த நாளிலிருந்தே அதன் ரத்தத்தில் இருக்கிறது.

ஆனால் எளிமையாக்குவதில் ஒரு கத்திமுனை இருக்கிறது. பழைய விளையாட்டில் இருந்த கஷ்டங்கள் எல்லாம் ஒரே இனம் அல்ல. சில கஷ்டங்கள் இயந்திரத்தின் ஏழ்மை. சில கஷ்டங்கள் கதையின் பேச்சு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இயந்திரத்தின் ஏழ்மையை முதலில் சொல்கிறேன். முதல் விளையாட்டின் கேசட்டில் இருந்த மொத்த இடம் 64 கிலோபைட். அதில் கதகனா என்ற ஜப்பானிய எழுத்து வகையை முழுதாக வைக்கக்கூட இடமில்லை. இருக்கிற எழுத்துகளுக்குள் பேய்களுக்கும் மந்திரங்களுக்கும் பெயர் தேட வேண்டியிருந்தது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர, அதை உள்ளே சேமித்துவைக்கவும் வழியில்லை. அரசர் ஒரு நீண்ட மந்திரம் சொல்வார், அதைக் காகிதத்தில் எழுதிவைத்து மறுநாள் எழுத்துப் பிசகாமல் உள்ளிட வேண்டும். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரம் 52 எழுத்து வரை போனது. ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருந்தால் ஒரு வார ஆட்டம் போச்சு.

மூன்றாம் பாகத்தில் கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்தார்கள். விளையாட்டு தானே நினைவில் வைத்துக்கொண்டது. ஆனால் மின்சாரத்தை அணைக்கும்போது சற்றுத் தவறினாலும் நினைவு அழியும். மறுநாள் திரை கறுத்து, ஒரு பயங்கரமான சிறு இசை எழும்பி, உங்கள் சாகசப் புத்தகம் மறைந்துவிட்டது என்று சேதி வரும். இன்று ஐம்பதைத் தொடும் ஜப்பானியர்கள் பலருக்கு அந்த இசை கேட்டாலே அடிவயிறு கலங்கும். 256 கிலோபைட்டுக்குள் இந்தப் பெரிய கதையை அடைக்கத் தலைப்புப் படத்தையே தியாகம் செய்தார்கள். வெறும் கறுப்புத் திரையில் பெயர் மட்டும் வரும். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இதைவிடப் பல மடங்கு இடம் வேண்டும்.

இந்த ஏழ்மையைப் புதியவர் தலையில் கட்ட வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. புதிய பதிப்பில் ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்கிறது, சண்டையில் தோற்றால் அந்தச் சண்டையையே மறுபடி தொடங்கலாம், சண்டையின் வேகத்தைக் கூட்டலாம். எதிலும் எனக்கு வருத்தமில்லை.

கதையின் பேச்சாக இருக்கும் கஷ்டத்துக்கு வேறொரு விளையாட்டிலிருந்து உதாரணம் தருகிறேன். 2006இல் வந்த ‘பெர்சோனா 3’. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து, மற்றவர் அறியாத ஒரு நள்ளிரவு நேரத்தில் நிழல் உருவங்களோடு போராடுகிற கதை. சண்டையில் உங்கள் பாத்திரத்தைத்தான் நீங்கள் இயக்க முடியும். தோழர்களுக்குப் பொதுவாக ஒரு யோசனை சொல்லலாம்: தாக்கு, காப்பாற்று, சக்தியை மிச்சம் பிடி. அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் பாடு. மிட்சுரு என்ற தோழி, ஆபத்தான நேரம் பார்த்து எதிரியை மயக்கும் மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போடுவாள். ஆடியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த ஒரு பதிப்பில் தோழர்களையும் நாமே இயக்கும் வசதி வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த மறு ஆக்கமான ‘பெர்சோனா 3 ரீலோட்’டிலும் அது தொடர்ந்தது. ஆட எவ்வளவோ சுகம். ஆனால் அந்தக் கதை எதைப் பற்றியது? பக்கத்தில் இருக்கிறவர் நம் கைப்பொம்மை அல்ல, அவருக்கென்று ஒரு மனசு உண்டு, அவரை நம்பித்தான் ஆக வேண்டும், ஒருநாள் அவர் நம்மை விட்டுப் போகவும் கூடும் என்பதைப் பற்றியது. மிட்சுருவின் பிடிவாதம் ஆட்டத்தின் குறையாகத் தெரிந்தது. கதை அந்தக் குறை வழியாகவும் பேசிக்கொண்டிருந்தது. பழைய முறையும் உள்ளே ஒரு தெரிவாக இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர் அதை ஏன் எடுக்கப் போகிறார்?

இன்னொரு வழியும் உண்டு. 1997இல் மூன்று சிடியில் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ஐ 2020இல் மறுபடி செய்தபோது, தொடக்க நகரமான மிட்கார் பகுதியை மட்டுமே எடுத்து ஒரு முழு விளையாட்டாக விரித்தார்கள். அதில் கறுப்புத் துணி போர்த்தின ஆவிகள் போல சில உருவங்கள் வருகின்றன. கதை பழைய வழியை விட்டு விலகும்போதெல்லாம் அவை வந்து தடுத்து, பழைய பாதைக்கே இழுத்துவிடுகின்றன. பழைய ரசிகரின் நினைவையே ஒரு பாத்திரமாக்கி மேடையில் ஏற்றிவிட்டார்கள். துணிச்சலான யோசனை, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் 1997ஐ அறியாத ஒருவர் அந்த ஆவிகளைப் பார்த்தால் என்ன புரிந்துகொள்வார்? விருந்துக்கு அழைத்துவிட்டு, வீட்டார் தங்களுக்குள் பழங்கதை பேசிக்கொண்டிருந்தால் விருந்தாளி எங்கே பார்ப்பார்? புதியவருக்கான மறு ஆக்கமாக அதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிராகன் குவெஸ்டுக்கு வருகிறேன்.

புதிய பதிப்பின் தோற்றத்தை எச்டி-2டி என்கிறார்கள். 2018இல் ‘ஆக்டோபாத் டிராவலர்’ என்ற விளையாட்டில் தொடங்கிய பாணி. ஆட்கள் பழைய மாதிரியே சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன பொம்மைகள். அவர்கள் நடக்கிற ஊரும் காடும் ஆழமும் வெளிச்சமும் நிழலுமாக நிஜம்போல விரிகின்றன. நம் வீட்டு நவராத்திரிக் கொலுவில் மண்ணைக் கொட்டிப் பூங்கா கட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்து, நடுவில் பொம்மைகளை நிறுத்துவோமே, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. முகம் தெரியாத பொம்மையாக இருப்பதால்தான் பார்ப்பவர் தன் முகத்தை அதற்குத் தர முடிகிறது. அந்தப் பொம்மையை மாற்றாமல் விட்டது பெரிய விவேகம்.

இந்தத் தொடரை உருவாக்கியவர்களில் இருவர் புதிய பதிப்பு வெளிவருமுன்பே போய்விட்டார்கள். பேய்களை வரைந்த அகிரா தொரியாமா 2024 மார்ச் 1ஆம் தேதி, புதிய பதிப்பு வருவதற்கு எட்டு மாதம் முன்பு காலமானார். இசையமைத்த கொயிச்சி சுகியாமா 2021 செப்டம்பரில் மறைந்திருந்தார். சுகியாமா முதல் விளையாட்டுக்கு இசையமைத்தபோது 55 வயது, பெயர்பெற்ற இசையமைப்பாளர். டிராகன் குவெஸ்டை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் ஒரு ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டை வாங்கி ஆடிவிட்டு, உள்ளே இருந்த கருத்துக் கேட்பு அஞ்சலட்டையை நிரப்பி அனுப்பினார். அந்த அட்டை வழியாகத்தான் அவர் இந்தத் தொடருக்குள் வந்தார். 2021 ஜூலை 23, டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து நுழைந்தபோது முதலில் முழங்கியது அவருடைய டிராகன் குவெஸ்ட் இசைதான்.

கப்பல் கிடைத்த இடத்தில் அக்கா மகளை விட்டுவிட்டு வந்தேன். 1988இல் கப்பல் கிடைத்த பிறகு எங்கே போக வேண்டும் என்று விளையாட்டு சொல்லவில்லை. கடல் முழுக்க உன்னுடையது, போ. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கிழவன் என்ன சொன்னான் என்று நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். பள்ளிக்கூடத்து இடைவேளையில் ஒரு பையன் இன்னொருவனிடம் சொல்வதும், பத்திரிகையில் வந்ததைக் கத்தரித்து வைப்பதும் ஆட்டத்தின் பகுதிகளாக இருந்தன. புதிய பதிப்பிலோ வரைபடத்தில் ஒரு குறி மின்னும். அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

நான் ஒரு காரியம் செய்தேன். அமைப்புகளுக்குள் போய் அந்தக் குறியை அணைத்துவிட்டேன். அக்கா மகள் அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை. பிறகு தானாகவே கடலில் திரிய ஆரம்பித்தாள். தெரியாத கரையில் இறங்கி, தன் வலுவுக்கு மீறிய பேய்களிடம் மாட்டி, கையில் இருந்த பொன்னில் பாதியை இழந்தாள். மறுநாள் காலை ஜிபாங் தீவைக் கண்டுபிடித்தாள். எட்டுத்தலை நாகத்துக்குப் பெண்களைப் பலி கொடுக்கும் ஊர். அந்த ஊரை ஆளும் ராணி ஹிமிகோதான் அந்த நாகம் என்று தெரிந்தபோது அவள் போட்ட சத்தத்தில் என் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அந்தச் சத்தம் யாரும் வழி காட்டாததால் வந்தது.

புதிய பதிப்பில் ஒரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது. ஊரார் சொல்வதில் முக்கியம் என்று தோன்றுவதைப் பொத்தானை அழுத்திக் குறித்துவைக்கலாம், பிறகு எடுத்துப் படிக்கலாம். பழைய பிள்ளைகள் நோட்டில் எழுதியதை இது செய்கிறது. எது முக்கியம் என்று முடிவெடுப்பது இன்னும் ஆடுகிறவர்தான். வரைபடக் குறியும் இந்தக் குறிப்பேடும் பார்வைக்கு ஒரே மாதிரி உதவிகள். முதலாவது நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது, இரண்டாவது கையில் பென்சிலைக் கொடுக்கிறது. புதியவர்களுக்குப் பென்சிலே போதும் என்பது என் கட்சி. தரையெங்கும் மின்னும் புதையல் புள்ளிகளும் எனக்கு அதிகமாகவே பட்டன. நிமிர்ந்து மலையைப் பார்க்க வேண்டிய குழந்தை தரையையே பார்த்து நடக்கிறது.

அசலை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பவர்களிடம் எது அசல் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதே விளையாட்டை 1996இல் சூப்பர் ஃபாமிகாமுக்காக ஒருமுறை மறு ஆக்கம் செய்தார்கள். திருடன் என்ற புதுத் தொழில் வந்தது. தொடக்கத்தில் ஒரு குரல் கேள்விகள் கேட்டு நம் சுபாவத்தைச் சொல்லும் பகுதியும் அப்போது வந்ததுதான். அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு அதுதான் அசல்.

இனி முடிவைச் சொல்லியாக வேண்டும். ஆடப் போகிறவர்கள் மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் என் பேச்சு நிற்காது.

கதை, நாயகனின் 16ஆவது பிறந்தநாள் காலையில் அவன் அம்மா அவனை எழுப்புவதில் தொடங்கும். காணாமல் போன அப்பா விட்ட பணியை அவன் ஏற்கிறான். பேரரக்கன் பாராமோஸை வென்று ஊர் திரும்பினால் கொண்டாட்டத்தின் நடுவே இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பாராமோஸ் அடியாள்தான், எஜமான் வேறு. பூமியில் ஒரு பெரும் பள்ளம். அதில் குதித்தால் கீழே சூரியனே உதிக்காத இன்னோர் உலகம். கடற்கரையில் இறங்கி நடந்ததும் ஓர் இசை தொடங்கும்.

1988இல் அந்த இடத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அது இரண்டு வருடம் முன்பு அவர்கள் ஆடிய முதல் விளையாட்டின் இசை. அந்த நாடு அலெஃப்கார்ட். முதல் விளையாட்டில் பழம்பெரும் வீரன் ரோத்தோ என்று ஒருவரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அவன் யார் என்று இரண்டு வருடமாகத் தெரியாது. இப்போது தெரிந்தது. இவ்வளவு நாளும் அந்த ரோத்தோவாக ஆடிக்கொண்டிருந்தது தாங்களே. அரக்கனை வென்றதும் மேலே போகும் வழி அடைபட்டுவிடும். எழுப்பிவிட்ட அம்மாவிடம் அவன் திரும்பிப் போவதே இல்லை.

நான் முதல் விளையாட்டைக் கைபேசியில் ஆடியிருக்கிறேன். அதனால் அன்று கூடத்தில் அந்த இசை எழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா மகளைப் பார்த்தேன். அவள் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அது இன்னொரு ஊர், இன்னொரு பாட்டு.

இந்த இடத்தில் மறு ஆக்கம் செய்கிறவர் கை கட்டப்பட்டிருக்கிறது. படத்தை மெருகேற்றலாம், இசையைப் பெரிய வாத்தியக்குழுவைக் கொண்டு வாசிக்கலாம். இரண்டு வருட நினைவை எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது? 1988இன் அந்தத் திடுக்கிடல் கேசட்டுக்குள் இல்லை, ஆடிய பிள்ளைகளின் மண்டைக்குள் இருந்தது. அதை அப்படியே திருப்பித் தர எந்தத் தொழில்நுட்பத்தாலும் ஆகாது. அந்த நினைவு அவளிடம் இருப்பதாகப் பாவித்து ஏதாவது செய்திருந்தால், ஃபைனல் ஃபேண்டஸியில் நடந்ததே இங்கும் நடந்திருக்கும்.

அவர்கள் வேறொன்று செய்தார்கள். வெளியிடும் வரிசையைத் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் பாகத்தை முதலில் செய்தார்கள். ஒன்றும் இரண்டும் சேர்ந்து ஓராண்டு கழித்து, 2025 அக்டோபர் 30இல்தான் வந்தன. கதையின் கால வரிசைப்படி மூன்றுதான் தொடக்கம். அப்பன் கதையை முதலிலும் பிள்ளைகள் கதையைப் பின்னாலும் சொல்கிறார்கள். அறிவிப்பு வந்தபோது இது விற்பனை உத்தி என்றுதான் நினைத்தேன். மூன்றாம் பாகம்தானே பிரபலம், ஜப்பானில் மட்டும் 38 லட்சம் பிரதி போனது, அதை முன்னால் விடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு டிசம்பர், மறுபடி அரையாண்டு விடுமுறை. அப்போது அவளுக்கு 14. நாயகனைப் பள்ளத்துக்குக் கீழே விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் விளையாட்டின் புதிய பதிப்பைப் போட்டாள். அரசரிடம் பேசினாள், கோட்டையை விட்டு வெளியே வந்தாள். புல்வெளி, தூரத்தில் கடல். கூட யாரும் இல்லை, முதல் விளையாட்டில் நாயகன் தனி ஆள். அந்த இசை தொடங்கியது.

கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டாள். நாயகன் அப்படியே நின்றான், இசை ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, இது அந்த இருட்டு ஊர் பாட்டுதானே?” என்றாள். “அப்போ வெயில் வந்துடுச்சா இங்க?”